திங்கட்கிழமைக் கருவாடு

பெங்களூரில் நாங்கள் முதலில் குடியிருந்த இடத்தில் திங்கட்கிழமை தோறும் ஒரு கூத்து நடக்கும். காலையில் வாசலில் ஜட்கா வண்டி வந்து நிற்கும். வீட்டுக்காரர் ருத்ரய்யா நெற்றி நிறைய விபூதியோடும், அவர் மனைவி தேங்காய் பழத் தட்டோடும் ஏறிக்கொண்டு ஈசுவரன் கோயிலுக்குக் கிளம்புவார்கள். வண்டி தெருமுனையில் திரும்பியதோ இல்லையோ, முற்றத்தைச் சுற்றியிருந்த எட்டு வீட்டிலும் ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். கதவிடுக்குகளில் கந்தல் துணி திணிக்கப்படும். பக்கத்து வீட்டு லூர்து மேரி ஒரு முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி தெருவைக் காவல் காப்பாள். அவள் அடுப்பையும் நான்தான் பார்த்துக்கொள்வேன். எட்டு அடுப்பிலும் ஒரே நேரத்தில் கருவாடு வேகும். பட்டப்பகலில், சொந்தக் காசில் வாங்கிய கருவாட்டைத் திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் போல ஆக்கித் தின்றோம்.

இந்த மாதிரி இடத்தை இங்கே வட்டாரா என்பார்கள். நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு கக்கூஸ், சுற்றிலும் குடித்தனங்கள், முன்கட்டில் வீட்டுக்காரர். அல்சூருக்குப் பின்னால், தண்டு என்கிற கன்டோன்மென்ட் பக்கத்தில் இப்படி எத்தனையோ உண்டு. எங்கள் வட்டாராவில் எட்டுக் குடும்பமும் தமிழ்தான். வேலூர், குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் என்று பிழைக்க வந்தவர்கள். ஆண்களுக்கு மில்லிலும் ரயில்வேயிலும் பட்டாளத்து மெஸ்ஸிலும் வேலை. பெண்கள் நாங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டி டெப்போவில் கொண்டுபோய்ப் போடுவோம். குடிவைக்கும்போது ருத்ரய்யா ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார்: "மீனு, மாம்சா பேடா." பேடா என்றால் வேண்டாம். ஆகட்டும் யஜமான்ரே என்று எட்டுக் குடும்பமும் தலையாட்டியது. திங்கட்கிழமை சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும், டெப்போவில் கழித்துப் போட்ட உடைந்த மசாலா பத்திகளைக் கைப்பிடி கைப்பிடியாகக் கொளுத்தி முற்றத்தில் நட்டு வைப்போம். உச்சி வேளையில் வண்டியிலிருந்து இறங்கும் ருத்ரய்யா புகை மண்டிய முற்றத்தைப் பார்த்து மெய்மறந்து நிற்பார். "ஏனு பக்தி! நிம்ம தமிழ் ஜனக்கெ எஷ்டு பக்தி!" என்பார். தமிழ் ஜனங்களுக்கு எவ்வளவு பக்தி என்று அந்த நல்ல மனுஷனுக்கு ஆச்சரியம். நாங்கள் கருவாட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே கும்பிடு போடுவோம்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், ஐயோ பாவம், வாய்க்கு ருசியாகத் தின்னக்கூட வழியில்லாத ஊரா என்று உச்சுக்கொட்ட வேண்டாம். ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? குடியாத்தத்தில் பெரிய தெருக்காரர்கள் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், "உன் பாவாட நாறுது" என்று தன் பலகையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். அன்றைக்குக் காலையில்தான் அம்மா அந்தப் பாவாடையைத் துவைத்துப் போட்டிருந்தாள். மூக்கைப் பொத்துகிற கை எப்படி இருக்கும் என்பதை நான் அங்கேயே பார்த்துவிட்டேன். எட்டாவது வரை படித்தவள் நான், எழுத வரும், கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும். இது கோபத்தில் எழுதுவதுதான். யாருக்காவது சுட்டால் சுடட்டும்.

பர்மாவில் கடை கண்ணிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக அனுப்பிய சமயம். எங்கள் வட்டாராவில் ஏழுமலை என்று ஒருவர். மில்லில் மேஸ்திரி, தமிழ்ச் சங்கம் ஒன்றில் பெரிய ஆள், வட்டாராவுக்கும் அவர்தான் நாட்டாமை. அவருடைய சித்தப்பா பையன் சின்னசாமி ரங்கூனில் பிறந்து வளர்ந்து, அங்கேயே தையல் கடை வைத்திருந்தவன். கடை போயிற்று. போட்டிருந்த துணியோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு சென்னையில் இறங்கி, முகாமில் கிடந்து, கடைசியில் அண்ணனைத் தேடிப் பெங்களூர் வந்து சேர்ந்தான். மனைவி பர்மாக்காரி. பெயர் மா டின். சின்னஞ்சிறு உருவம், வயிற்றில் பிள்ளை. ஏழுமலை சொல்லி, முற்றத்தின் மூலையில் சும்மா கிடந்த விறகுக் கொட்டகையை ருத்ரய்யா அவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்த வாரம் ஏழுமலை சங்கத்து மேடையில் ஏறி, பர்மாத் தமிழர் நமது தொப்புள்கொடி உறவு என்று தொண்டை கிழியப் பேசினார். பழைய புடவை, போர்வை எல்லாம் சேகரித்தார்கள். நானும் ஒரு புடவை கொடுத்தேன். அதில் ஒன்றுகூட எங்கள் கொட்டகைக்கு வரவில்லை என்பது வேறு கதை.

மா டின் கொண்டுவந்த சொத்து ஒரே ஒரு பீங்கான் ஜாடி. அதற்குள் ஙாப்பி இருந்தது. மீனை உப்பில் போட்டு இடித்துப் புளிக்க வைக்கிற விழுது அது. அவர்கள் ஊரில் நமக்குப் புளி மாதிரி, அது இல்லாமல் சோறு இறங்காது. ரங்கூன் துறைமுகத்தில் சோதனை போட்டவர்கள் காதுத் தோட்டிலிருந்து கால் மெட்டி வரைக்கும் கழற்றிக்கொண்டார்களாம். ஜாடியைத் திறந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, போ போ என்று விட்டுவிட்டார்களாம். "நாறினதால வந்திச்சு அக்கா" என்று அவள் தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மசக்கை முடிந்த பிறகும் அவளுக்கு நம் குழம்பு எதுவும் வயிற்றில் தங்கவில்லை. என்னிடம் அவள் கேட்டு வாங்கிக்கொண்டது ஒன்றே ஒன்று, உடைந்த ஊதுபத்தி. கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த புத்தர் படத்துக்கு விடிந்ததும் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று ஏற்றுவாள்.

மீன் கூடாது என்று ஏழுமலை அவர்களுக்குச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை விவகாரத்தைச் சொல்லவில்லை, எங்களையும் சொல்லவிடவில்லை. "வெளியாளுங்களுக்கு எதுக்கும்மா நம்ம ரகசியம்? அந்தப் பொண்ணு எங்கனா உளறி வெச்சா எட்டு வீடும் தெருவுல நிக்கும்" என்றார். சொந்தச் சித்தப்பா மகன் வெளியாள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் திங்கட்கிழமைகளில் நான் ஒரு கிண்ணம் குழம்பு மூடி எடுத்துப் போய் அவளிடம் கொடுப்பேன். எங்கே ஆக்கியது, எப்படி ஆக்கியது என்று அவள் கேட்டதே இல்லை.

ஒரு பிரதோஷத்தன்று நான் பத்திக் கட்டுகளைப் போட டெப்போவுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வட்டாரா வாசலில் லூர்து மேரி அழுதுகொண்டு நின்றாள். என்னவென்றால், மாதம் நெருங்கிய மா டின்னுக்கு அன்று காலையிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. ஙாப்பி அவளுக்கு மீனாகவே தோன்றவில்லை, உப்பைப் போல ஒரு சாமான். துளியூண்டு எடுத்து வாழை இலையில் மடித்துக் கரி நெருப்பில் வாட்டியிருக்கிறாள். நெருப்பில் பட்ட ஙாப்பி சும்மா இருக்குமா? பூஜையிலிருந்த ருத்ரய்யா எழுந்து வந்துவிட்டார். யார் யார் என்று கேட்டார். எல்லாரும் கொட்டகையைக் காட்டினார்கள். அதுகூடப் போகட்டும், நடந்ததைத்தான் காட்டினார்கள். ருத்ரய்யா அத்தோடு விடவில்லை. வருஷக் கணக்காக இந்த முற்றத்தில் சில நாள் ஒரு மாதிரி வாடை வருகிறதே, தன் மனைவி சொல்லிச் சொல்லி மாய்கிறாளே, அதுவும் இவர்கள்தானா என்று கேட்டார்.

"ஏழுமலை அண்ணன் இன்னா சொன்னார் தெரியுமா சரசு?" என்றாள் லூர்து மேரி. "ஆமா யஜமான்ரே, எல்லாம் இவங்கதான், நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம்னார். மாதாவே! வந்து நாலு மாசம் ஆகல, வருஷக் கணக்கு வாடைக்கு இவங்க எப்படிடி பொறுப்பு? அந்த மனுஷன் கணக்குக்கூடப் போட்டுப் பாக்கல. ஒருத்தர் வாயத் தொறக்கல."

"நீ?"

"எம் புருஷன் எங் கையப் புடிச்சி உள்ள இழுத்துட்டாரு."

வருகிற திங்கட்கிழமைக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று ருத்ரய்யா சொல்லிவிட்டார். பிள்ளை இன்றோ நாளையோ என்று நிற்கிறாள் அவள். மழைக்காலம் வேறு. சின்னசாமிக்கு இந்த ஊரில் ஏழுமலையை விட்டால் ஒரு நாதி கிடையாது. சாயங்காலம் குழாயடியில் வைத்து நான் ஏழுமலையைக் கேட்டேவிட்டேன்.

"ஏன் அண்ணே, மேடையில தொப்புள்கொடி, முத்தத்துல மூக்கப் புடிக்கிறதா?"

"இன்னாம்மா பேசற நீ? ஒரு குடும்பம் போனா எட்டுக் குடும்பம் நிக்கும். நான் எல்லாருக்கும் சேத்துதான் சொன்னேன்."

"எல்லாருக்கும் சேத்து நீங்க பொய் சொன்னீங்க. எனக்குச் சேத்து யாரு சொல்லச் சொன்னது?"

"அதுவும் இல்லாம அது நாத்தம்மா. நம்ம கருவாடு வாசன வேற, அந்தக் கர்மம் வேற."

நாலைந்து பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குடியாத்தத்துப் பெரிய தெரு நடந்து நடந்து பெங்களூருக்கே வந்து எங்கள் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நிற்கிறது என்றுதான் தோன்றியது. நாமே ஒண்ட வந்த இடம் இது. நமக்கு முன்னால் வந்தவனுக்கு நம் வாடை ஆகாது. நமக்குப் பின்னால் வந்தவளின் வாடை நமக்கு ஆகாது. இந்த வரிசைக்கு முடிவே கிடையாதா? ஊரிலிருந்து வரும்போது பெட்டி படுக்கையை விட்டுவிட்டுக்கூட வருகிறோம், இந்தப் புத்தியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் ரொம்ப நல்லவர், சண்டை என்றால் மட்டும் ஆகாது. "நமக்கு எதுக்கு சரசு வம்பு? வாடகைக்கு வேற எடம் இந்த ஊர்ல சுலுவா கிடைக்குமா? தமிழாளுன்னாலே யோசிக்கிறான். கம்முனு இரு" என்றார். ஞாயிற்றுக்கிழமை வரை நான் கம்மென்றுதான் இருந்தேன். சின்னசாமியும் அந்த நாலு நாளும் மா டின்னைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி அலைந்தான். எங்கேயும் முதலில் வாசலில் நிற்கும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு வயிற்றைப் பார்ப்பார்கள். பிறகு வீடு இல்லை என்பார்கள்.

திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கு ருத்ரய்யா கோயிலுக்குப் போகவில்லை. சின்னசாமியும் மா டின்னும் கிளம்புகிற வரை இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லி முன்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே ஜட்கா காத்துக்கொண்டு நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. மா டின் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றாள். இரவல் வாங்கிய சட்டி, முறம், தவலை எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வாசம் என்னது தப்பு. மன்னிச்சுக்கோங்க அக்கா" என்று கைகூப்பினாள். சட்டியை வாங்கிக்கொண்டவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் பார்வை ஜட்காவின் மேல் இருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லார் வீட்டிலும் கருவாடு ஊறப்போட்டாயிற்று. இவர்கள் சீக்கிரம் தொலைந்தால்தான் ருத்ரய்யா கோயிலுக்குப் போவார். அவர் போனால்தான் அடுப்பு மூட்டலாம். அடப்பாவிகளா, அவளை அனுப்பிவிட்டு அந்தக் கருவாட்டையே ஆக்கித் தின்னக் காத்துக்கொண்டு நின்றார்கள்!

அதற்கப்புறம் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கும்முட்டி அடுப்பைக் கங்கோடு தூக்கிக்கொண்டு வந்து நடு முற்றத்தில், கூரைத் தண்ணீர் விழாத இடமாகப் பார்த்து வைத்தேன். வாணலியைப் போட்டு எண்ணெய் ஊற்றினேன். சுறாக் கருவாட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அது போட்ட சத்தத்துக்கே எட்டு வீட்டுக் கதவும் திறந்துகொண்டது. "அடியே சரசு, இன்னாடி பண்ற!" என்று யாரோ அலறினார்கள். வாடை முன்கட்டுக்குப் போயிற்று. ருத்ரய்யா எழுந்து வந்தார்.

"ஏனம்மா, என்னது இது?"

"கருவாடு, யஜமான்ரே."

"யாருது?"

"என்னுது. இன்னைக்கு நேத்து இல்ல. நான் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நீங்க கோயிலுக்குப் போற ஒவ்வொரு திங்கக்கிழமையும் இங்க இதுதான். உங்க வீட்டம்மா சொன்ன வாடை எங்க வாடை. இவங்க வந்து நாலு மாசம்."

அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஆனாலும் புரியாதவர் போல என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, "ஊதுபத்தி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆரம்பித்தாயிற்று. "அது உங்க மூக்குக்கு, யஜமான்ரே. சாமிக்கு இல்ல. இந்த முத்தத்துல சாமிக்குன்னு பத்தி ஏத்தினவ அதோ மூட்டையோட நிக்கிறா பாருங்க, அவ ஒருத்திதான்."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. கருவாட்டு வாடை அவர் மூக்கில் ஏறியதாகவே தெரியவில்லை. "நனகெ மோசா மாடித்ரா?" என்றார். என்னை ஏமாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். "உங்க பக்தியப் பத்தி நானு என் அண்ணன் தம்பிங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லிட்டு இருந்தேனம்மா" என்றபோது குரல் உடைந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது. பிறகு அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்து, "வேற யாரு?" என்றார்.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. திங்கட்கிழமை சாத்திப் பழகிய கதவுகள்தானே. ஏழுமலை வானத்தைப் பார்த்து மழை விடுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். இவர் எங்கள் வாசலில் வேர்த்து விறுவிறுத்து நின்றார். ஆனால் உள்ளே போகவில்லை, அதை நான் மறக்க மாட்டேன். அப்போது லூர்து மேரி புருஷன் கையை உதறிவிட்டுத் தன் வாணலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும்தான் யஜமான்ரே. வாசப்படியில உக்காந்து நீங்க வரீங்களான்னு பாத்துச் சொல்றது என் வேல" என்றாள். வேறு ஒருவரும் வரவில்லை.

ருத்ரய்யா மா டின்னைக் கைகாட்டினார். "அந்தப் பொண்ணு பொய் சொல்லலெ. தெரியாம செஞ்சா. இருக்கட்டும். இனிமே செய்யக்கூடாது, அஷ்டெ" என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம். எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க ரெண்டு வீடும் காலி பண்ணுங்க." சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு, எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆறு வீட்டு ஜன்னல்களும் சாத்திக்கொண்டு ஆறு அடுப்பிலும் கருவாடு வெந்தது. உண்மை சொன்ன இரண்டு வீடு தெருவில். பொய் சொன்ன ஆறு வீடு உள்ளே. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று இவர் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கட்டும், அந்த நியாயத்தைக் கொண்டுபோய் உடைப்பில் போடுங்கள் என்று நானும் இன்றைக்கும் சொல்கிறேன்.

மா டின்னுக்கு அந்தக் கொட்டகையிலேயே பெண் குழந்தை பிறந்தது. செய்தி கேட்டு நான் ஓடிப் போனபோது ஏழுமலையின் மனைவி வெந்நீர் வைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வெந்நீருக்காக நான் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சங்கத்தில் இப்போதும் கூட்டம் நடக்கிறது. அகதிகளுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று இப்போதும் ஏழுமலை பேசுகிறார், கைதட்டுகிறார்கள். தூரத்தில் இருக்கிற அகதிக்கு வாடை கிடையாது. அதனால் இரங்குவது சுலபம். பக்கத்துக் கொட்டகையில் அடுப்பு மூட்டுகிறவளுக்குத்தான் வாடை உண்டு. அங்கே இரங்கிக் காட்டுங்கள் ஐயா, பார்க்கிறேன்.

இப்போது நாங்கள் தோல் மண்டிக்குப் பின்னால் குடியிருக்கிறோம். அடுத்த வீட்டில் லூர்து மேரி. இந்தப் பக்கத்தில் காற்று எப்படி அடித்தாலும் பதனிடுகிற தோலின் நாற்றம்தான். யார் வீட்டில் என்ன வேகிறது என்று எந்த மூக்குக்கும் தெரியாது. இங்கே எங்களுக்கு யாரும் நிபந்தனை போடவில்லை. திங்கட்கிழமைகளில் மா டின் இடுப்பில் குழந்தையோடும் கையில் ஜாடியோடும் வருவாள். மார்க்கெட்டில் பொடி மீன் வாங்கி எங்கள் வீட்டிலேயே ஙாப்பி போடப் பழகிக்கொண்டாள். அவளோடு உட்கார்ந்து இரண்டு வாய் சோற்றோடு நானும் அதைத் தின்னப் பழகிவிட்டேன். முதலில் குமட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குமட்டினால் குமட்டிவிட்டுப் போகிறது, அதற்காக யாரையும் வீட்டைவிட்டுத் துரத்த வேண்டியதில்லை.

போன திங்கட்கிழமை அவள் ஒன்று சொன்னாள். வட்டாராவில் இப்போது அவளையும் கூப்பிடுகிறார்களாம். எஜமான் கோயிலுக்குப் போயாச்சு, நீயும் ஆக்கிக்கோ, பத்தி கொளுத்திக்கலாம் என்கிறார்களாம்.

"நீ இன்னா சொன்ன?"

"மாட்டேன் சொன்னேன் அக்கா. நான் பொய் சொல்லல, அதுக்குத்தானே அந்த வீடு. பொய் சொன்னா வீடு இல்ல."

அதனால்தான் அவள் தன் ஊர்ச் சோற்றைத் தின்ன இத்தனை தூரம் நடந்து வருகிறாள். எழுந்து போய் அடுப்பில் வாணலியை வைத்தேன். கருவாட்டை எண்ணெயில் போட்டதும், என்னையறியாமல், ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன். மா டின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருக்கு அக்கா சாத்துறீங்க?" என்றாள்.

யாருக்கு? ருத்ரய்யா இங்கே இல்லை. குடியாத்தத்துப் பெரிய தெரு இங்கே இல்லை. பலகையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனவள் எந்த ஊரில் யாருக்கு வாழ்க்கைப்பட்டாளோ தெரியாது. கொக்கியைக் கழற்றி ஜன்னலைத் தள்ளினேன். தோல் நாற்றம் உள்ளே வந்தது, எங்கள் வாசனை வெளியே போயிற்று. வாணலியில் கருவாடு தீய்கிறது என்று குழந்தையை வைத்துக்கொண்டே அவள் கூவினாள். ஜன்னல் திறந்தாயிற்று, எனக்குத்தான் இன்னும் கொக்கியிலிருந்து கையை எடுக்க வரவில்லை.